விக்கல் அக்கா

வலது கட்டை விரலை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி, சந்தையின் நடுவில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறாள் விக்கல் அக்கா. உண்மையில் சுற்றுவது அவளல்ல. டிவித் திரைக்குள் இருக்கும் மாலுமி ஒருவன், அவள் கையிலிருக்கும் கன்ட்ரோலர் சொன்னபடி சுற்றுகிறான். மணிக்கூண்டு வருகிறது, போகிறது. பழக்கூடைகள், துணிக்கடை, சண்டை போடும் இரண்டு பெண்கள், தூங்கும் நாய், திரும்பவும் மணிக்கூண்டு. பின்னால் நின்று பார்ப்பவர்களுக்குக் கிறுகிறுத்துவிடும். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவள் சந்தையைப் பார்ப்பதே இல்லை. திரையின் மூலையில் ஓடும் மெல்லிய பச்சைக் கோட்டைத்தான் பார்க்கிறாள். கோடு நேராக ஓடினால் பேசாமல் இருப்பாள். முள் மாதிரி மேலே குத்தினால் நாக்கைச் சப்புக்கொட்டி, "ஹ்ம். விக்குது" என்பாள்.

அவள் வேலை அதுதான். எங்கோ ஒரு பெரிய நிறுவனம் ஆடம்பரமான கணினிகளுக்காக ஒரு பிரம்மாண்டமான விளையாட்டைச் செய்கிறது. அதை, வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடும் சின்னப் பெட்டிக்குள் அடக்கித் தர வேண்டியது அக்காவின் அலுவலகம். கல்யாண மண்டபத்துச் சாமான்களை ஒற்றை அறை வீட்டுக்குள் அடுக்குவது போன்ற பிழைப்பு. பெட்டி ஒவ்வொரு நொடியும் முப்பது படங்களை வரைந்து தள்ளியாக வேண்டும். ஒரு படம் தாமதமானாலும் திரை ஒரு கணம் நின்று, பிறகு துள்ளும்; பச்சைக் கோட்டில் முள் ஏறும். அந்தத் துள்ளலுக்கு அலுவலகத்தில் நீட்டி முழக்கி ஒரு பெயர் உண்டு. சேர்ந்த நாளிலேயே அக்கா அதை விக்கல் என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, அவளுக்கும் சேர்த்து. "யாரோ நம்மள நினைக்கிறாங்க போல" என்று விளையாட்டுக்காரர்களின் வசவுகளைப் படிக்கும்போது அவளே சொல்லிக்கொள்வாள்.

நாற்பதைத் தாண்டியவள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். வேலை செய்யும்போது செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிடுவாள். பெட்டியின் பின்பக்கம் வரும் வெப்பக் காற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்ப்பதுபோல. "பாவம், மூச்சு வாங்குது. கொஞ்சம் உட்கார வைங்கப்பா" என்று சொல்லி அணைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போவாள். திரும்பி வந்ததும் வேலையில் மூழ்கி, அந்தத் தேநீரை ஆறிப்போன பிறகுதான் குடிப்பாள். சூடாகக் குடித்தால் அவளுக்குப் பிடிக்காது என்று புதிதாய்ச் சேர்ந்தவர்கள் நம்புகிறார்கள்.

இந்தக் கண்ணை வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைக்க முடியாது என்பதுதான் தொல்லை. லிஃப்ட் கதவு மூடுவதில் ஒரு தயக்கம் இருந்தால் அவளுக்குத் தெரியும். உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோவில் மணமகள் சிரிக்கும் இடத்தில் இரண்டு படங்கள் விட்டுப்போனது தெரியும். சொல்லியும் விடுவாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். நாளெல்லாம் மற்றவர்கள் பிரேக் போட்டு உலுக்கிய உடம்போடு வீட்டுக்கு வருகிற மனிதர். "நீ திரையில பாக்குறத நான் முதுகுல வாங்குறேன்" என்பார்.

இத்தனை விளையாட்டுகளில் கைவைத்தவள், ஒன்றைக்கூட ஆசைக்காக விளையாடியதில்லை. மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்பு திகட்டுவது மாதிரி என்று கேட்பவர்களிடம் சொல்லிச் சமாளிப்பாள். வீட்டிலிருக்கும் பெட்டி கணவர் தனக்கென்று வாங்கியது. அதைக் கைப்பற்றிக்கொண்டவர் அவருடைய அப்பா.

மாமனார் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மற்றவர்களை ஊருக்கு அனுப்பியே பழக்கப்பட்டவருக்கு, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெருமுனை வரை போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு மத்தியானம் சும்மா கன்ட்ரோலரை எடுத்தவர், மருமகள் வேலை பார்க்கும் அதே விளையாட்டுக்குள் நுழைந்தார். கதைப்படி மாலுமியின் அண்ணனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். மாலுமி கடல் கடலாக அலைந்து பழிவாங்க வேண்டும். மாமனார் துறைமுகத்தில் இறங்கி, சந்தையைப் பார்த்தார். அங்கேயே தங்கிவிட்டார்.

"அண்ணனைக் கொன்னவன் எங்க ஓடிடப் போறான்? அப்புறம் பாத்துக்கலாம்" என்று மகனிடம் சொன்னார்.

தினமும் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சந்தைக்குப் போவார். ஒவ்வொரு கடையாக நின்று பார்ப்பார். மாலுமி ஓடத் தெரிந்தவன், கூரையில் தாவத் தெரிந்தவன். மாமனார் அவனை நடக்க மட்டுமே விட்டார்.

விளையாட்டின் பெட்டி வடிவம் வெளியானபோது நல்ல பெயர் கிடைக்கவில்லை. கடல் சண்டையில் விக்கல், மழையில் விக்கல், சந்தையில் மகா விக்கல். பிழைகளைச் சரிசெய்ய, விற்ற பிறகும் இணையம் வழியாக வீட்டுப் பெட்டிகளுக்கு அனுப்பும் திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். முதல் பேட்ச் போனது. கடல் அடங்கியது, மழை அடங்கியது. சந்தை மட்டும் அடங்கவில்லை. போதாக்குறைக்கு, சந்தையில் சிலருக்கு முகம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் பல்வரிசை மட்டும் காற்றில் நின்று "வாங்க, வாங்க" என்று கூவிய காட்சியை ஊரே பகிர்ந்து சிரித்தது. அடுத்த பேட்ச்சிலும் சொதப்பினால் இந்தக் குழுவைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மேனேஜர் அதை மறுக்கவில்லை. மறுக்காததே போதுமானதாக இருந்தது.

அக்கா ஒரு வழி சொன்னாள். சந்தையில் கூட்டம் அதிகம், பாதியாகக் குறைப்போம். குறைத்துக் காட்டினாள். பச்சைக் கோடு தண்டவாளம் போல ஓடியது. அறையில் கைதட்டினார்கள். மேனேஜர் அன்றைக்கே பேட்ச்சுக்குத் தேதி அறிவித்துவிட்டார்.

கைதட்டாதவர் ஒருவர்தான். அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவர். அலுவலகத்தில் அவரைக் கூட்டக்காரர் என்பார்கள். தாடிக்குள் பாதி முகத்தை ஒளித்துவைத்திருக்கும் அமைதியான ஆள். சந்தையில் நடமாடும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு வேலை, ஒரு நடை, ஒரு சலிப்பு கொடுத்திருந்தார். கூடை முடைகிற பெண் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடைக்காரியைப் பற்றிப் புறம் பேசுவாள். "பாதிப் பேரை எடுக்கணும்னா யாரை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். எதிரெதிர் மேஜை. ஒரே டப்பாவிலிருந்து சர்க்கரை எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

அந்த வார மீட்டிங்கில் வாடிக்கையாளர் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். "இவர் தினமும் கூப்பிடறார். எங்க பொண்ணுங்க இவருக்குச் சந்தை ஐயான்னே பேர் வெச்சிருக்காங்க" என்றார் மேனேஜர்.

பதிவில் ஒரு முதியவரின் குரல் தொண்டையைச் செருமியது. "வணக்கம்மா, நான்தான். நேத்து பேசினேனே. சாப்ட்டீங்களா? ஒண்ணுமில்ல, அந்த மணிக்கூண்டு பக்கம் திரும்பினா இன்னும் தூக்கிப் போடுதும்மா. லிஃப்ட் திடீர்னு நின்னு கிளம்புமே, அந்த மாதிரி. எனக்குக் காதுல வேற பேலன்ஸ் சரியில்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டியிருக்கு. இதுக்காக யாரையும் திட்டிடாதீங்க. அங்க வேலை செய்யறவங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க, எனக்குத் தெரியும். மெதுவா பாருங்க. நான் நாளைக்குக் கூப்பிடறேன்."

அறை சிரித்தது. கூட்டக்காரர்கூடத் தாடிக்குள் சிரித்தார். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினாள்.

"அது எங்க மாமா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கேட்டாள். "ஏன் மாமா, ஒரே வீட்ல இருக்கோம். எதிர்ல உக்காந்து சாப்பிடறோம். என்கிட்ட சொல்லலாமில்ல?"

மாமனார் பிடிபட்டுப்போன முகத்தோடு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசக்கூடாதும்மா. அதான் முறையா ஆபீஸுக்கே போன் பண்ணேன்."

"தலை சுத்திப் படுத்திருந்தீங்களே, அதையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"அது வெயில்னு சொன்னேனே" என்றார், மழை பெய்துகொண்டிருந்த ஜன்னலைப் பார்க்காமல்.

மேனேஜர் நல்ல யோசனை ஒன்று வைத்திருந்தார். புதிய பேட்ச்சை வெளியில் விடுமுன் சில விளையாட்டுக்காரர்களை வரவழைத்து அவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இந்த முறை சந்தை ஐயாவும் வரட்டும். மாமனார் முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டார். மகன் காரில் கொண்டுவந்து விட்டார். வாசலில் அவர் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியபோது, ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக ஒரு அலுவலகத்துக்குள் நுழைகிற மனிதரின் நிமிர்வு வந்தது. மருமகளைப் பார்த்து, தெரியாதவர் மாதிரி வணக்கம் வைத்தார்.

சோதனை அறையில் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து சந்தைக்குள் நடந்தார். மணிக்கூண்டு பக்கம் திரும்பினார். ஒரு கையால் சோபாவின் கைப்பிடியை முன்கூட்டியே பிடித்திருந்தார். ஒன்றும் தூக்கிப்போடவில்லை. இன்னொரு முறை திரும்பினார். கைப்பிடியை விட்டார். அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பச்சைக் கோட்டைப் பார்த்தாள். தண்டவாளம்.

மாமனார் நடந்துகொண்டே இருந்தார். துணிக்கடை வரை போனார். திரும்பி வந்தார். நின்றார். பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னைக்கு எதாவது லீவா தம்பி?"

"எங்கய்யா?"

"இங்கதான். கூடை முடையற அம்மாவைக் காணோம். சாயத் துணி அலசறவர் இல்ல. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு பேரம் பேசுமே ஒரு பொண்ணு, அதுவும் இல்ல." கொஞ்ச நேரம் வெறும் கல்தரையைப் பார்த்தார். "தலை சுத்தல, ரொம்ப நல்லா இருக்கு. செஞ்சவங்களுக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க." பிறகு, புகார் சொல்கிற குரலே இல்லாமல், "ஆனா இனிமே எதுக்கு வரணும்னுதான் தெரியல" என்றார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அக்காவுக்குப் பக்கத்தில் கூட்டக்காரர் நின்றிருந்தார். பல நாட்களாகப் பேசாதவர். தாடியைச் சொறிந்தார்.

அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"எனக்கு ஒரு வாரம் வேணும். பாதிக் கூட்டத்தோட அனுப்ப வேணாம்."

"தேதி சொல்லியாச்சு. நீதானம்மா செஞ்சு காட்டின? எல்லாரும் கை தட்டினோமே! இப்ப உன் மாமனாருக்காக மாத்தணும்ங்கறியா?"

"மாமாவுக்காக இல்ல சார். விக்கல் ஏன் வந்துச்சுன்னு தெரியாமலே தண்ணியைக் குடிச்சு அடக்கிட்டேன். அது எனக்கே உறுத்துது."

மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். குழுவைக் கலைப்பதைப் பற்றி யோசித்திருக்கலாம். "வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்குள்ள முடியலைன்னா பாதிக் கூட்டம் போகும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

அக்கா தன் இடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, எதிர் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "உங்க ஆளுங்க எல்லாரையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பணும். ஒருத்தர் விடாம."

"பாதி போதாதா உங்களுக்கு?" என்றார் கூட்டக்காரர். பல நாள் கழித்து அவள் காதில் விழுந்த முதல் வார்த்தைகள் அவை.

"கோவிச்சுக்காம செய்யுங்க. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கூட்டிக்கலாம்."

அவர் மனமில்லாமல் செய்தார். சந்தை காலியானது. கூடைகள் இருந்தன, கூவ ஆளில்லை. நாய்கூட இல்லை. அக்கா கட்டை விரலைச் சாய்த்துச் சுற்ற ஆரம்பித்தாள். மணிக்கூண்டு வந்தது. பச்சைக் கோட்டைப் பல மடங்கு பெரிதாக்கினாள்; வழக்கமான அளவில் கண்ணுக்கே தெரியாதபடி சின்னதாக, ரொம்பச் சின்னதாக, ஒரு முள்.

இருவரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றார் கூட்டக்காரர். இன்னொரு தடவையும் முள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! எங்க ஜனங்க மேல பழி போட்டீங்களே! சந்தைல விக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல, அப்புறமும் விக்குதே!"

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த சுவர் அத்தோடு போனது.

விக்கல் கூட்டத்தால் மட்டும் வருவதில்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் வேறு எது? மணிக்கூண்டின் பக்கம் வரிசையாக மாடி வீடுகள் இருந்தன. ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். கதவுகளைத் திறக்கவே முடியாது. நாடக மேடையின் படுதாபோல, பார்வைக்கு மட்டும் நிற்கிற வீடுகள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலையில் அக்கா மாலுமியை விட்டுவிட்டு, அவனைத் தொடர்ந்து போகும் கேமராவின் பார்வையை மட்டும் பிரித்தெடுத்துச் சுவருக்குள் நுழைத்தாள்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேஜை இருந்தது. மேஜை மேல் பாதி நறுக்கிய பழம், பக்கத்தில் கத்தி. மடித்து வைத்த போர்வை. ஆணியில் தொங்கும் தொப்பி. மூலையில் ஒரு தொட்டில், தொட்டிலுக்குள் துணி பொம்மை. பொம்மைக்குத் தையல் பிரிந்திருந்தது, அந்தத் தையலைக்கூட நூல் நூலாக வரைந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குள் போனாள். அதே மேஜை, அதே பழம், அதே தொட்டில். அதற்கடுத்த வீட்டிலும். முதலில் யோசித்த கதையில் அப்படியொரு வீட்டுக்குள் மாலுமி நுழைவதாக ஒரு காட்சி இருந்திருக்கிறது. பிறகு காட்சியை எடுத்துவிட்டார்கள். வீட்டை எடுக்க மறந்து, அதையே பிரதியெடுத்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மாலுமி மணிக்கூண்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் பெட்டி அத்தனை வீட்டுச் சாமான்களையும் அள்ளிக்கொண்டு வந்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் தெருவில் நிற்கிறவர்களுக்கு முகம் வரைய எங்கே இடம்?

"குடியில்லாத வீட்டுக்கு இத்தனை சாமானா!" என்றாள் அக்கா. ஆனால் உடனே வெளியே வரவில்லை. தொட்டிலைச் சுற்றி ஒரு முறை வந்தாள். "யார் செஞ்சாங்களோ, அழகாச் செஞ்சிருக்காங்க."

"தூக்கிடலாமா?" என்று கேட்டார் கூட்டக்காரர்.

"வேணாம், பூட்டி வெப்போம். கதவு திறந்தா மட்டும் சாமான் வரட்டும்."

கதவு ஒருநாளும் திறக்கப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வீடு வீடாகப் பூட்டிக்கொண்டே போனார்கள். வியாழக்கிழமை முழுதும் அதற்கே சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், முழுக் கூட்டத்தையும் திரும்பச் சந்தைக்குள் விட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அக்கா சுற்றினாள். கூடை முடைகிற பெண் எட்டிப் பார்த்துப் புறம் பேசினாள். எல்லோருக்கும் முகம் இருந்தது. மேனேஜர் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அவர் தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் என் செலவுல சாப்பாடு" என்றார். கூட்டக்காரருக்கு அன்றைக்குத்தான் அத்தனை பெரிய பல்வரிசை என்று தெரிந்தது.

பேட்ச் தேதி தவறாமல் வெளியானது. கூடவே போகும் அறிவிப்பில் ஒரே ஒரு வரி: "சந்தைப் பகுதியில் செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது." அக்கா அதைப் படித்துவிட்டு, "அவ்வளவுதானே" என்றாள். மறுநாள் வந்த புகார்களில் சந்தை இல்லை. பாய்மரம் மடங்கும்போது மினுமினுக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பழைய வியாதி போய்ப் புது வியாதி வந்தால் இந்தத் தொழிலில் அது ஆரோக்கியம். குழுவைக் கலைக்கிற பேச்சும் தானாக ஓய்ந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் பேட்ச் முழுதாக இறங்கட்டும் என்று காத்திருந்தார். திரையில் ஒரு நீலப் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்" என்று சமையலறைக்கும் கேட்கும்படி செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அண்ணனைக் கொன்னவன் நிம்மதியா இருக்கான்பா" என்றார்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

பட்டை நிறைந்தது. மாலுமி துறைமுகத்தில் இறங்கி, வழக்கம்போல் நடந்தே சந்தைக்குப் போனான். அக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் சோபாவில் சாய்ந்து, காலைத் தரைவிரிப்பில் நீட்டி உட்கார்ந்தாள். மாமனார் மணிக்கூண்டு பக்கம் திரும்பினார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கூடை முடைகிற பெண்ணைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா" என்றார் மெதுவாக. இடுப்பில் குழந்தையோடு பேரம் பேசுகிறவள் இன்னும் அதே விலையில்தான் நின்றுகொண்டிருந்தாள். சாயக்காரர் துணியை உதறினார். வீட்டுத் திரையின் மூலையில் பச்சைக் கோடு இல்லை; அக்காவும் சந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சந்தில் இருந்து ஒரு சுமைக்காரன், தலையளவு உயரத்துக்கு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு, "வழி, வழி" என்று கத்திக்கொண்டு திரையை நோக்கி நேராக வந்தான். அக்கா நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.